எரேமியாவின் கடிதமும் எழுபது வருடத் தவணையும்

ஊரை விட்டு வந்து புனேயிலும் மும்பையிலும் டெல்லியிலும் குடியிருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களின் வீடுகளில் ஒரு வசனத்தை அடிக்கடி பார்க்கலாம். எரேமியா 29:11. ஹாலில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் தட்டில் வைத்து நீட்டுகிற வாக்குத்தத்த அட்டைகளில் வருடா வருடம் யாராவது ஒருவருக்கு அது வந்து சேரும். கடவுள் தம் ஜனங்கள்மேல் வைத்திருக்கும் எண்ணம் கேட்டுக்கானது அல்ல, நலத்துக்கானது, அவர்களுக்கு ஒரு எதிர்காலம் உண்டு என்பது அதன் சாரம். அட்டை வந்தவர் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரியும். "சார், இந்த வருஷம் டிரான்ஸ்ஃபர் கிடைச்சிடும், ஊருக்குப் போயிடலாம்" என்பார்.

அந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து எடுத்த ஒரு வரி. வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடிதத்தில் ஒரு வரியை மட்டும் காட்டினால், "முழுக் கடிதத்தையும் காட்டுங்க" என்று கேட்போம். யார் யாருக்கு எழுதியது, என்ன தேதி, மேலே என்ன நிபந்தனை என்று பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டோம். தீர்க்கதரிசனத்துக்கும் அந்த மரியாதையைக் கொடுத்துப் பார்ப்போமே. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு வந்த கடிதம்?

கி.மு. 597. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமை முற்றுகை போட்டுப் பிடித்தான். இது வேதாகமத்தில் மட்டும் இருக்கிற செய்தி அல்ல. பாபிலோனியர்கள் வருடவாரியாக எழுதிவைத்த களிமண் குறிப்பேடுகளில் ஒன்றிலும் இருக்கிறது. ராஜா வந்தான், நகரத்தைப் பிடித்தான், அங்கிருந்த ராஜாவைக் கைது செய்தான், தனக்குப் பிடித்த வேறொருவனை ராஜாவாக வைத்தான் என்று சுருக்கமாக, ஆடிட் ரிப்போர்ட் மாதிரி எழுதியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் அந்தக் குறிப்பை டி. ஜே. வைஸ்மன் என்ற அறிஞர் 1956-ல் வெளியிட்டார்.

கைதான ராஜாவின் பெயர் யோயாக்கீன். வயது 18. பட்டத்துக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவனோடு அதிகாரிகள், போர்வீரர்கள், தச்சர், கொல்லர் என்று கை வேலையும் மூளை வேலையும் தெரிந்தவர்களாகப் பார்த்துக் கொண்டு போனார்கள். எண்ணிக்கையை இரண்டாம் ராஜாக்கள் புத்தகம் 10,000 என்கிறது. எரேமியா புத்தகத்தின் கடைசி அதிகாரம் 3,023 என்கிறது. எப்படிப் பார்த்தாலும் படித்தவன், தொழில் தெரிந்தவன் போனான். ஏழை ஊரில் நின்றான்.

அப்படிக் கொண்டு போகப்பட்டவர்களுக்குத்தான் எரேமியா எருசலேமிலிருந்து கடிதம் எழுதினான். புதிய ராஜா சிதேக்கியா பாபிலோனுக்கு அனுப்பிய தூதர்கள் எலெயாசா, கெமரியா என்ற இருவரின் கையில் அது போனது. தபால் வசதி இல்லாத காலம். பின்னாளில் எஸ்றா என்ற வேதபாரகர் பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு வந்துசேர நான்கு மாதம் ஆனதாக அவர் புத்தகமே சொல்கிறது. அவ்வளவு தூரம்.

"இன்னும் ரெண்டே வருஷம்"

அந்தக் காலத்தில் இன்னொரு தீர்க்கதரிசனமும் சுற்றிக்கொண்டிருந்தது. சிதேக்கியாவின் நான்காம் வருடத்தில், அதாவது கி.மு. 594 அல்லது 593-ல், கிபியோன் ஊரைச் சேர்ந்த அனனியா என்ற தீர்க்கதரிசி தேவாலயத்தில் எல்லோர் முன்னாலும் ஒரு அறிவிப்பு செய்தான். பாபிலோனின் நுகம் முறிந்தாயிற்று, இன்னும் இரண்டே வருடத்தில் ஆலயப் பாத்திரங்கள் திரும்பி வரும், யோயாக்கீன் ராஜா திரும்பி வருவான், சிறைப்பட்டுப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவார்கள் என்றான். எரேமியா அப்போது அடையாளமாகக் கழுத்தில் ஒரு மர நுகத்தைப் போட்டுக்கொண்டு திரிந்தான். அனனியா அதைப் பிடுங்கி உடைத்தே போட்டான்.

இரண்டு பேருமே கர்த்தரின் பெயரால்தான் பேசினார்கள். இரண்டு பேரும் பேசும் தோரணை ஒன்றுதான். கூட்டத்தில் நின்ற சாதாரண மனிதன் எதை வைத்து முடிவு செய்வான்? பிள்ளையை பாபிலோனுக்குப் பறிகொடுத்த ஒரு தகப்பன் அங்கே நின்றிருந்தால் யாரை நம்பியிருப்பான்? நானாக இருந்தாலும் அனனியாவைத்தான் நம்ப ஆசைப்பட்டிருப்பேன்.

எரேமியாவின் பதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அவன் கத்தவில்லை. முதலில் "ஆமென்" என்றான்! நீ சொல்கிறபடியே நடந்தால் எனக்கும் சந்தோஷம்தான் என்கிற அர்த்தத்தில். பிறகு ஒரு அளவுகோலைச் சொன்னான். சமாதானம் வரும் என்று சொல்கிற தீர்க்கதரிசியை, அது நடந்த பிறகே மெய்யாக அனுப்பப்பட்டவன் என்று அறிய முடியும். இதைச் சொல்லிவிட்டு வழியைப் பார்த்துப் போய்விட்டான். அனனியாவுக்கான பதில் வார்த்தை பிறகுதான் அவனுக்கு வந்தது. மர நுகத்தை உடைத்தாய், அந்த இடத்தில் இரும்பு நுகம் வரும் என்பது அந்த வார்த்தை. அனனியா அதே வருடம் ஏழாம் மாதத்தில் இறந்து போனான் என்று அந்த அதிகாரம் முடிகிறது.

பாபிலோனிலும் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்று சொல்பவர்கள் இருக்கும்போது எவன் வீடு கட்டுவான்? எவன் செடி வைப்பான்? மூட்டையை அவிழ்க்காமலே உட்கார்ந்திருப்பான்.

கடிதத்தில் என்ன இருந்தது?

அந்த மூட்டையை அவிழ்க்கச் சொன்னதுதான் எரேமியாவின் கடிதம். 29-ம் அதிகாரத்தின் 5-ம் வசனத்திலிருந்து என் வார்த்தையில் சொல்கிறேன். வீடு கட்டுங்கள், அதில் குடியிருங்கள். தோட்டம் போடுங்கள், அதன் காய்கனியைச் சாப்பிடுங்கள். கல்யாணம் செய்யுங்கள், பிள்ளைகளுக்கும் கல்யாணம் செய்து வையுங்கள். குறைந்து போகாமல் பெருகுங்கள். அடுத்து ஏழாம் வசனம்: நீங்கள் கொண்டு போகப்பட்ட நகரத்தின் நலத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம் செய்யுங்கள், அது நன்றாயிருந்தால்தான் நீங்களும் நன்றாயிருப்பீர்கள்.

எந்த நகரம்? தங்கள் ஆலயத்தைக் கொள்ளையடித்த நகரம். தங்கள் ராஜாவைச் சிறைப்பிடித்த நகரம். அதற்காக ஜெபிக்கச் சொல்கிறான். எட்டாம், ஒன்பதாம் வசனங்களில் உங்கள் நடுவில் சொப்பனம் சொல்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள் என்கிறான். பத்தாம் வசனத்தில் தவணை வருகிறது. எழுபது வருடம். எழுபது முடிந்த பிறகு உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்கிற செய்தி.

இவ்வளவுக்கும் பிறகுதான் நம் ஃபிரேமில் இருக்கும் பதினோராம் வசனம் வருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். என்னைப் போல நாற்பதைத் தாண்டிய ஒருவர் பாபிலோனில் அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்டிருந்தால், அவர் எருசலேமை இனி பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம். மனைவியும் பார்க்க மாட்டாள். கைக்குழந்தையாக வந்த பிள்ளை கிழவனாகி ஒருவேளை பார்க்கலாம். அவருக்குச் சொல்லப்பட்ட ஆறுதல்தான் பதினோராம் வசனம். "உனக்குக் கிடைக்காது, ஆனாலும் நான் உங்களை மறக்கவில்லை" என்கிற ஆறுதல்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒருவரைச் சொல்வதற்கும் பலரைச் சொல்வதற்கும் ஒரே சொல். தமிழ் வேதாகமத்தில் கடவுள் தனி மனிதனிடம் பேசும்போது "நீ", "உன்" என்றுதான் பேசுவார். இந்த வசனத்தில் "நீங்கள்", "உங்கள்" என்று வருகிறது. அது மரியாதைப் பன்மை இல்லை, பலர் பன்மை. எபிரெயத்திலும் அப்படியே. ஆக இது தனி ஒருவரின் டிரான்ஸ்ஃபருக்குக் கொடுத்த உத்தரவாதம் அல்ல. ஒரு ஜனத்துக்கு, மூன்று தலைமுறைக்குச் சேர்த்துக் கொடுத்த வார்த்தை. இன்னொன்று, ஏழாம் வசனத்தில் நகரத்தின் நலத்துக்கு வருகிற சொல்லும் பதினோராம் வசனத்தில் கடவுளின் எண்ணத்துக்கு வருகிற சொல்லும் எபிரெயத்தில் ஒன்றேதான்: ஷாலோம். நகரத்தின் ஷாலோமை விட்டுவிட்டு நம்முடைய ஷாலோமை மட்டும் ஃபிரேம் போட முடியாது.

கடிதம் வந்ததும் எல்லோரும் கைதட்டவில்லை. செமாயா என்ற ஒருவன் பாபிலோனிலிருந்து எருசலேம் ஆசாரியனுக்குப் பதில் கடிதமே போட்டான். இது நெடுங்காலம் செல்லும், வீடு கட்டுங்கள் என்று எழுதுகிற இந்தப் பைத்தியக்காரனைப் பிடித்துத் தொழுவில் போடாமல் ஏன் சும்மா விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டான். மேலதிகாரிக்குப் புகார்க் கடிதம் எழுதும் வழக்கம் 2,600 வருடப் பழக்கம் என்று தெரிகிறது.

மண்ணுக்கடியில் கிடைத்த கணக்குகள்

இனி, அவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள்? இதற்கு நமக்குக் கணக்குப் புத்தகங்களே கிடைத்திருக்கின்றன.

ராபர்ட் கோல்டவே என்ற ஜெர்மானியர் 1899 முதல் 1917 வரை பாபிலோனைத் தோண்டினார். அரண்மனையின் ஒரு பகுதியில் களிமண் ஏடுகள் கிடைத்தன. யார் யாருக்கு எவ்வளவு எண்ணெய் அளந்து கொடுத்தோம் என்கிற பண்டகசாலைக் கணக்கு. 1939-ல் எர்ன்ஸ்ட் வைட்னர் அவற்றில் சிலவற்றை வாசித்து வெளியிட்டபோது ஒரு பெயர் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. யூதா தேசத்து ராஜா யோயாக்கீன்! அவனுக்கும் அவன் ஐந்து மகன்களுக்கும் எண்ணெய்ப் படி. அந்த ஏடுகளில் ஒன்றின் தேதி கி.மு. 592. அனனியா சொன்ன இரண்டு வருடத் தவணை முடிகிற சமயத்தில், ஊருக்குத் திரும்பியிருக்க வேண்டிய ராஜா பாபிலோன் அரண்மனையில் எண்ணெய் வாங்கிக்கொண்டிருக்கிறான். ஒரு தீர்க்கதரிசனம் தவறிப்போனதற்கு ஸ்டோர் ரிஜிஸ்டர் சாட்சியாக நிற்பது வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை. அவன் ஊர் திரும்பவேயில்லை. கைதான 37-ம் வருடத்தில் சிறையிலிருந்து விடுவித்து ராஜ பந்தியில் உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான்.

இதற்கிடையில் கி.மு. 586 வாக்கில் எருசலேம் இரண்டாம் முறை விழுந்து, ஆலயமும் எரிந்து, இன்னொரு கூட்டம் பாபிலோனுக்குப் போனது.

சாதாரண ஜனங்களின் கணக்கும் கிடைத்திருக்கிறது. "ஆல் யஹூது" என்ற ஊரையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்ந்த சுமார் 200 ஏடுகள். அந்தப் பெயருக்கு யூதாவின் ஊர் என்று பொருள். போன இடத்தில் சொந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள்! இவை முறையான அகழாய்வில் கிடைத்தவை அல்ல, பழம்பொருள் சந்தைக்கு வந்து சேர்ந்தவை. அதனால் ஊர் இருந்த இடம் துல்லியமாகத் தெரியவில்லை. காலம் கி.மு. 572-லிருந்து 477 வரை. இவற்றில் நூற்றுச் சொச்சம் ஏடுகளை லாரி பியர்ஸ், கார்னீலியா வுன்ஷ் இருவரும் 2014-ல் புத்தகமாக வெளியிட்டார்கள்.

அதில் என்ன இருக்கிறது? குத்தகைச் சீட்டு, கடன் சீட்டு, வரி ரசீது, பாகப்பிரிவினை. வாற்கோதுமை இவ்வளவு, பேரீச்சம்பழம் இவ்வளவு, இந்த மாதத்துக்குள் கட்ட வேண்டியது, சாட்சிகள் இன்னார் இன்னார். ஒரே குடும்பத்தின் நான்கு தலைமுறைகளைப் பின்தொடர முடிகிறது. சங்கீதக்காரன் பாபிலோன் ஆற்றங்கரையில் அழுததைத்தான் நாம் பாடிக் கேட்டிருக்கிறோம். அதே ஆற்றின் வாய்க்கால் பாசனத்தில் அவர்கள் பேரீச்சைத் தோப்பும் வைத்திருக்கிறார்கள். அழுகையும் உண்மை, தோப்பும் உண்மை.

இன்னும் நூறு வருடம் கழித்துப் பார்த்தால் நிப்பூர் என்ற ஊரில் முராஷு என்று ஒரு குடும்பம். நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பது, கடன் கொடுப்பது, மற்றவர்களின் வரியைக் கட்டிவிட்டு வசூலிப்பது எல்லாம் அவர்கள் தொழில். நம்ம லைன்! பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 1893-ல் அவர்களின் 700-க்கும் மேற்பட்ட ஏடுகளைக் கண்டெடுத்தார்கள். அந்தக் குடும்பம் யூதக் குடும்பம் அல்ல. ஆனால் வாடிக்கையாளர் பட்டியலிலும் சாட்சிகள் பட்டியலிலும் யூதப் பெயர்கள் கலந்து கிடக்கின்றன. வீடு கட்டச் சொன்ன கடிதத்துக்கு அந்த ஜனங்கள் கீழ்ப்படிந்ததற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

எழுபது என்றால் எழுபதா?

வணிகவியல் படித்தவனுக்கு இந்த இடத்தில் கை பரபரக்கும். எழுபதை எங்கிருந்து எண்ணுவது? முதல் சிறைப்பிடிப்பு கி.மு. 597. பெர்சிய ராஜா கோரேசு பாபிலோனைப் பிடித்தது 539. திரும்பிப் போகலாம் என்று அனுமதி கொடுத்தது 538. கழித்தால் 59 வருடம்தான். எரேமியா எழுபது என்ற எண்ணை முதலில் சொன்னது 605 வாக்கில். அங்கிருந்து 539 வரை 66. ஆலயம் எரிந்தது 586, திரும்பக் கட்டி முடித்தது 515, இது 71. ஆக ஒவ்வொருவரும் தனக்குச் சரிப்பட்ட இடத்திலிருந்து எண்ணுகிறார்கள். வேதாகமத்துக்குள்ளேயே தானியேல் இந்த எழுபதை எடுத்து யோசிக்கிறான், சகரியா யோசிக்கிறான், நாளாகமம் எழுதியவர் யோசிக்கிறார்.

எழுபது என்ற எண் அந்தப் பிரதேசத்தில் வழக்கில் இருந்த எண் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எரேமியாவுக்குப் பல பத்து வருடங்கள் முன்னால் அசீரிய ராஜா சனகெரிப் கி.மு. 689-ல் பாபிலோனை அழித்தான். அவன் மகன் எசரத்தோன் அதைத் திரும்பக் கட்டினான். ஆனால் மர்துக் தெய்வம் பாபிலோன் எழுபது வருடம் பாழாய்க் கிடக்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்ததாம். எசரத்தோனின் கல்வெட்டு சொல்கிற சமாதானம் சுவாரசியமானது. தெய்வம் மனமிரங்கி எண்ணைத் திருப்பிப் போட்டுவிட்டது! ஆப்பு வடிவ எழுத்தில் 60-க்கு ஒரு குறி, அடுத்து 10-க்கு ஒரு குறி போட்டால் 70. இடம் மாற்றிப் போட்டால் முதல் குறி 10, அடுத்தது 1 என்று ஆகி 11 ஆகிவிடும். பதினோரு வருடத்தில் வேலை முடிந்தது.

இதை வைத்துப் பார்த்தால் எழுபது என்பது ஒரு முழு ஆயுள், ஒரு தண்டனைக் காலம் முழுமையாக முடிவது என்று அன்றைக்குக் கேட்டவர்களுக்குப் புரிந்திருக்கும். எசரத்தோனுக்கு எண்ணைத் திருப்பிப் போட்டுக் கொடுக்க ஆள் இருந்தது. எரேமியா திருப்பிப் போட மறுத்தான். அனனியா செய்தது அந்த வேலைதான்: எழுபதை இரண்டாக்கிக் கொடுத்தான்.

ஒரு கிரயப் பத்திரம்

எரேமியா நம்பிக்கை இல்லாதவன் என்று நினைத்துவிடக் கூடாது. 32-ம் அதிகாரத்தைப் படியுங்கள். எருசலேமைச் சுற்றி பாபிலோன் படை. எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறான். அப்போது பெரியப்பா சித்தப்பா பிள்ளை முறையான அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை நீ வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்குத்தான் என்கிறான். ஆனதோத் எருசலேமுக்குப் பக்கத்து ஊர்; அந்த வட்டாரம் முழுக்க எதிரிப் படை. எந்த வங்கியின் வழக்கறிஞரும் அந்தச் சொத்துக்குச் சட்டக் கருத்து எழுதிக் கொடுக்க மாட்டார்!

எரேமியா வாங்கினான். 17 சேக்கல் வெள்ளி, இன்றைய எடையில் 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. தராசில் நிறுத்துக் கொடுத்தான். பத்திரம் எழுதி, சாட்சி வைத்து, முத்திரை போட்டு, முத்திரையிட்ட மூலம் ஒன்று, திறந்த நகல் ஒன்று என இரண்டையும் உதவியாளன் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னான். இந்த மண்ணில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சைத் தோட்டமும் வாங்கி விற்கிற காலம் வரும் என்பதுதான் அந்தப் பத்திரத்தின் அர்த்தம்.

கவனியுங்கள். போனவர்களுக்கு "அங்கே வீடு கட்டு" என்று எழுதியவனே இங்கே நிலம் வாங்கிப் பத்திரத்தைப் பத்திரப்படுத்தினான். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானது இல்லை. அவன் பாபிலோனைப் புகழ்ந்தவனும் இல்லை. சிதேக்கியாவின் அதே நான்காம் வருடத்தில், பாபிலோனின் வீழ்ச்சியை எழுதிய சுருளை செராயா என்பவன் கையில் கொடுத்து, அதில் கல்லைக் கட்டி ஐபிராத்து நதியில் எறியச் சொன்னவனும் எரேமியாதான். நகரத்துக்காக ஜெபிக்கலாம், நகரத்தைக் கும்பிட வேண்டியதில்லை.

திரும்பியவர்களும் தங்கியவர்களும்

கோரேசு அனுமதி கொடுத்தபோது திரும்பியவர்கள் 42,360 பேர் என்று எஸ்றா புத்தகம் பட்டியல் போடுகிறது. தலைமை தாங்கியவன் செருபாபேல், யோயாக்கீனின் பேரன். அவன் பெயருக்கே "பாபிலோனின் வித்து" என்றுதான் பொருள். ஆலயத்தைத் திரும்பக் கட்டியவன் பாபிலோன் பெயர் வைத்த பிள்ளை! யூதர்கள் இன்றும் சொல்கிற நிசான், தம்மூஸ் போன்ற மாதப் பெயர்கள் பாபிலோனிலிருந்து கொண்டு வந்தவை. போன இடத்தின் மொழியையும் நாட்காட்டியையும் கற்றுக்கொண்டார்கள். தங்கள் கடவுளை விடவில்லை.

தங்கிவிட்டவர்களும் ஏராளம். பாபிலோனிய தல்மூத் என்ற மாபெரும் நூல் அந்த மண்ணில்தான் உருவானது. ஈராக்கில் அந்தச் சமூகம் சுமார் 2,500 வருடம் இருந்தது. 1950-51-ல் ஏறக்குறைய 1,20,000 பேர் விமானத்தில் இஸ்ரேலுக்குப் போனார்கள்.

புனேயில் இருப்பவர்களுக்கு இதில் நேரடி சம்பந்தம் உண்டு. சசூன் ஆஸ்பத்திரிக்குப் போகாத புனேக்காரர் குறைவு. அந்த டேவிட் சசூன் 1792-ல் பாக்தாத்தில் பிறந்த யூதர். ஆட்சியாளரின் தொல்லை தாங்காமல் ஊரை விட்டு ஓடி 1830-களின் தொடக்கத்தில் பம்பாய் வந்து, வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தார். அபினி வியாபாரப் பணமும் அதில் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. 1864-ல் புனேயில் இறந்தார். லால் தேவள் என்று ஊர் மக்கள் சொல்கிற சிவப்புக் கட்டட ஜெபாலயத்தின் வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது. பாக்தாத் யூதர்கள் தங்கள் வேரை அந்தப் பழைய பாபிலோன் சிறையிருப்பில்தான் வைத்துப் பேசுவார்கள். நகரத்தின் நலத்தைத் தேடுங்கள் என்ற கடிதம் பெற்றவர்களின் வழி வந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒருவர், நாம் பிழைக்க வந்த நகரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுத்திருக்கிறார். அவரும் இங்கே வெளியூர்க்காரர்தான்.

சரி, நமக்கு என்ன?

நம்மை யாரும் சங்கிலி போட்டு இழுத்து வரவில்லை. டிக்கெட் எடுத்து ரயிலேறி, சம்பளத்துக்கு வந்தவர்கள் நாம். நாடுகடத்தப்பட்டவர்களின் துக்கத்தை நம்முடையது என்று சொல்லிக்கொள்வது நியாயமில்லை. ஆனாலும் கடிதத்திலிருந்து எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது.

முதலாவது, தவணை சொல்கிற தீர்க்கதரிசனங்களைப் பற்றி. கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் சிலவற்றைப் பார்க்கிறேன். ஆறு மாதத்தில் வெளிநாடு போவாய் என்று யாரோ கைவைத்துச் சொன்னதற்காக வைப்பு நிதியை முறிக்க வருகிறவர்கள் உண்டு. கடவுள் கடனை அடைப்பார் என்று சொன்னதை நம்பி நகைக்கடனுக்கு மேல் நகைக்கடன் வைத்து அதையும் காணிக்கையாகக் கொடுத்தவர்கள் உண்டு. பணம் போனதைவிட, தேதி கடந்து போன பிறகு "என் விசுவாசம்தான் குறைவு" என்று அவர்கள் தங்களையே நொந்துகொள்வது கொடுமை. விசுவாசக் குறைவு அவர்களுடையது அல்ல. சொன்ன வார்த்தைதான் பொய்.

பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ண வேண்டாம் என்கிறார். அடுத்த மூச்சிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார். சோதிப்பது அவிசுவாசம் அல்ல, கட்டளை. அனனியாவையும் எரேமியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சோதிக்க நாலு கேள்வி கிடைக்கிறது. நான் ஆசைப்படுவதையே எனக்குத் திருப்பிச் சொல்கிறதா? இன்றைக்குச் செய்ய வேண்டிய வேலையைச் செய்யச் சொல்கிறதா, இல்லை கையைக் கட்டிக் காத்திருக்கச் சொல்கிறதா? எனக்கு மட்டும் நல்லது சொல்கிறதா, சுற்றி இருப்பவர்களுக்கும் சேர்த்தா? சொன்னவருக்கு இதனால் என்ன லாபம்? அனனியாவுக்குக் கைதட்டல் கிடைத்தது. எரேமியாவுக்குக் காவல் முற்றமும், ஒரு சமயம் சேறு நிறைந்த துரவும் கிடைத்தன.

இரண்டாவது, நமக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் அனனியா. "ரெண்டு வருஷத்தில் ஊருக்குப் போயிடுவோம்" என்று சொல்லிச் சொல்லியே இருபது வருடம் ஓட்டிய குடும்பங்களை எல்லோரும் பார்த்திருப்போம். அதனால் மராத்தி கற்றுக்கொள்வதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதில்லை. சொசைட்டி மீட்டிங்குக்குப் போவதில்லை. பக்கத்து வீட்டு ஆஜி பெயர் தெரியாது. தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடிகூட வைப்பதில்லை, "யார் தண்ணி ஊத்துறது, எப்படியும் போகப் போறோம்". வீட்டில் அம்மாவும் அப்பாவும் போகிற நினைப்பில் இருக்க, பிள்ளைகளோ இங்கேயே வளர்ந்துவிடுகிறார்கள். எரேமியா பேசினால் அந்தக் கறிவேப்பிலைச் செடியிலிருந்துதான் ஆரம்பிப்பான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, ஊரை மறக்கச் சொல்லும் கடிதம் அல்ல இது. மண்பாண்டத்தில் பத்திரம் இருக்கட்டும். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது, தாத்தா பாட்டியோடு வாரம் ஒருமுறை பேச வைப்பது, ஊர்க் கோயில் கொடை, சபைப் பண்டிகை என்று போய் வருவது எல்லாம் அந்தப் பத்திரம்தான். நாம் போகாவிட்டாலும் பேரப்பிள்ளைக்கு வழி தெரிந்திருக்கும்.

அலுவல் வாழ்க்கை முடிந்து ஊர் திரும்பக் கொடுத்து வைத்தவர்கள் திரும்பட்டும், நல்லது. பலர் திரும்ப மாட்டோம். இங்கேயே ஒரு நாள் நம்மை அடக்கம் செய்வார்கள். அது கடவுளின் வாக்கு தவறியதாக அர்த்தமில்லை. அந்தக் கடிதத்தை முதன்முதலில் கேட்டவர்களில் பெரும்பாலோர் பாபிலோன் மண்ணில்தான் புதைந்தார்கள், வார்த்தை அவர்களைத் தாண்டிப் பேரப்பிள்ளைகளிடம் போய் நிறைவேறியது.

வசனத்தை ஃபிரேமிலிருந்து கழற்ற வேண்டாம். அது நல்ல வசனம். அதற்குப் பக்கத்தில் ஏழாம் வசனத்தையும் எழுதி மாட்டுங்கள். வருகிற ஞாயிறு ஜெபத்தில் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்காக ஜெபிக்கும்போது, நமக்குச் சோறு போடுகிற இந்த நகரத்தின் தண்ணீருக்காக, ரோட்டுக்காக, ஆஸ்பத்திரிக்காக, பக்கத்து வீட்டு ஆஜிக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.